கல்லறைச் சுண்ணாம்பு

இரண்டாவது கம்பி வேலிக்குள் போக எனக்குப் பாஸ் கிடைத்தது வௌவால்களால்தான்.

முதலாவது வேலிக்குள் தினமும் போய் வந்துகொண்டிருந்தேன். சீனக்குடா விமானத் தளத்தில், மலேரியாத் தடுப்புப் பகுதியில் எனக்குக் கிளாக்கர் வேலை. அதற்கு முன் நகரத்தில் ஒரு கல்லூரியில் விஞ்ஞானம் படிப்பித்தேன். யப்பான்காரன் குண்டு போட்ட பிறகு பிள்ளைகள் ஊர் ஊராகப் போய்விட்டார்கள். கல்லூரிக் கட்டடத்தில் கடற்படை குடியேறியது. யுத்த வேலையில் சேர்ந்தவன் தானாக விலக முடியாது. நான் விலக நினைக்கவுமில்லை. விலகுகிறவனுக்குப் போக ஓர் இடம் வேண்டும்.

இரண்டாவது வேலி ஓடுபாதையின் முனைக்கு அப்பால் இருந்தது. அதற்குள் முன்பு ஓர் ஊர் இருந்தது. கிறேஸின் ஊர். கலியாணம் முடித்த நாளிலிருந்து என் ஊரும் அதுதான். நாற்பத்திரண்டாம் ஆண்டு மே மாதம் அவள் பிரசவத்தில் போனாள். குழந்தையும் போயிற்று. இருவரையும் ஒரே குழியில் வைத்தோம். ஆடி முடிவதற்குள் பட்டாளம் வந்து ஊரை எடுத்துக்கொண்டது. வீடுகளைப் பிரித்தார்கள். எங்களைக் கப்பல்துறை என்ற ஊரில் குடியேற்றினார்கள். கல்லறைகள் இருந்த சேமக்காலை மட்டும் மேட்டில் கிடந்தது. அதைச் சுற்றிச் சில பூவரச மரங்கள்.

கண்டி வீதியின் வளைவில் நின்றால் கம்பிகளுக்கு ஊடாக அந்த மேடு தெரியும். கிறேஸின் சிலுவை மற்றவற்றை விட உயரம். கிறேஸின் தாய் மாகிரட் மாமி மாலை தோறும் அந்த வளைவில் போய் நிற்பாள். நான் வேலை விட்டு வரும்போது என்னோடு சேர்ந்து வீட்டுக்கு நடப்பாள். வழியில் நாங்கள் அதிகம் கதைப்பதில்லை.

கிறேஸின் முதலாம் ஆண்டுப் பூசைக்கு எங்கள் குடும்பத்துக்கு ஒரு காலைப்பொழுது அனுமதி தந்தார்கள். அன்று மாமி கல்லறைக்கும் சிலுவைக்கும் வெள்ளை அடித்தாள். பக்கத்தில் குழந்தைக்கென்று முழங்கால் உயரத்தில் ஒரு சின்னச் சிலுவை வைத்திருந்தாள், அதற்கும் அடித்தாள். முஹம்மது தம்பி தன் சூளையில் நீற்றிய சுண்ணாம்பை மாட்டு வண்டியில் கொண்டுவந்து வாசலில் இறக்கியிருந்தார். தண்ணீர் நான் கொண்டுவந்தேன். மிஞ்சிய சுண்ணாம்பை மாமி பூவரச மரங்களின் அடியில் இடுப்பளவுக்கு அடித்துவிட்டாள். பிள்ளைக்கென்று கொண்டுவந்ததைத் திருப்பிக் கொண்டுபோகக் கூடாது என்றாள்.

அதற்குப் பிறகு சிலுவை வீதியிலிருந்து பளிச்சென்று தெரிந்தது.

*

ஆனி மாதத்தில் ஒரு நாள் பென்றோஸ் துரை என்னைக் கூப்பிட்டார். ஓடுபாதைக்குப் பொறுப்பானவர் அவர். மேசையில் ஒரு வௌவால் கிடந்தது. சிறகை விரித்தால் மேசை கொள்ளாது. நாங்கள் ஆங்கிலத்தில்தான் பேசினோம்.

“மிஸ்டர் இன்னாசி, நீங்கள் விலங்கியல் படித்தவராமே?”

“ஓம் ஐயா. பெரும்பாலும் தவளை.”

“இதற்கும் தவளைக்கும் தூரமா?”

“கொஞ்சம் தூரம்.”

அவர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். முந்தைய நாள் மாலை இறங்கிக்கொண்டிருந்த விமானத்தின் கண்ணாடியை உடைத்துக்கொண்டு இது உள்ளே போயிருக்கிறது. விமானிக்கு ஒரு கண் போய்விட்டது. ஒரு மாதமாகவே மாலையானால் இவை குடாவின் நடுவிலுள்ள மரத்தீவிலிருந்து கிளம்பி, ஓடுபாதையின் முனையைக் குறுக்கே தாழக் கடந்து, அந்த மேட்டு மரங்களுக்கு வருகின்றன. முன்பு வந்ததில்லை.

“அந்த மரங்களில் என்ன பழம்?”

“பூவரசு. வௌவால் தின்ன அதில் ஒன்றும் இல்லை.”

“அப்படியானால் ஏன் வருகின்றன?”

“தெரியாது.”

“மரங்களை வெட்டி மேட்டைத் தட்டையாக்கச் சொல்லியிருக்கிறார்கள். புல்டோசர் கண்டி வீதி வேலையில் நிற்கிறது. அது முடிந்ததும் இங்கே வரும்.”

“மேட்டில் கல்லறைகள் இருக்கின்றன.”

“தெரியும். எனக்கும் அது பிடிக்கவில்லை.” அவர் வௌவாலை ஒரு துணியால் மூடினார். “புல்டோசர் வருவதற்குள் இவை வராமல் நீங்கள் செய்துவிட்டால் மேடு நிற்கும். உள்ளே போய்ப் பார்க்க உங்களுக்குப் பாஸ் தருகிறேன்.”

“எதுவரைக்கும்?”

“வேலை முடியும்வரைக்கும்.”

அந்த மேட்டில் எனக்கு யார் இருக்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. அவர் கேட்கவில்லை.

*

முதல் சில மாலைகள் நான் ஒன்றும் செய்யவில்லை. கல்லறைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தேன். தென்மேற்குக் கச்சான் காற்று அடித்துக்கொண்டிருந்தது. புல் காய்ந்து கிடந்தது. ஒரு வருடமாக வேலிக்கு வெளியே நின்று பார்த்த இடம். கையை நீட்டினால் சிலுவையைத் தொடலாம். தொட்டேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஆனால் எழுந்து போகவும் மனம் வரவில்லை.

நிலைமை எளிதானது. வௌவால்கள் வந்துகொண்டிருந்தால் புல்டோசர் வரும்; கல்லறை போகும். வௌவால்கள் வருவது நின்றால் பாஸ் போகும். கல்லறை வேலிக்குள் இருக்கும், நான் வெளியே. இரண்டில் ஒன்றைத்தான் எடுக்கலாம். இரண்டையும் எடுக்காமல் இருந்தால் முதலாவது தானாக நடக்கும்.

அவை பொழுது சாயும் நேரம் வந்தன. ஒன்றன்பின் ஒன்றாக, சத்தமில்லாமல். ஓடுபாதையைக் கடக்கும்போது கிட்டத்தட்ட தரையைத் தொட்டுக்கொண்டு வந்தன. பாரம் சுமக்கிற பறப்பு. மரத்தில் இறங்கிய பிறகுதான் பாரம் என்னவென்று கண்டேன். வயிற்றோடு ஒட்டிக்கொண்டு ஒரு குட்டி. ஒன்றிலல்ல, வந்த எல்லாவற்றிலும். ஆண் வௌவால் ஒன்றுகூட வரவில்லை.

கிளையில் அவை தொங்கவில்லை. தலைகீழாக, பெருவிரல் நகத்தால் பட்டையைப் பற்றிப் பற்றி, அடிமரத்துக்கு இறங்கின. கறுப்புக் குடையை இழுத்துக்கொண்டு ஏணியில் இறங்குகிற ஆளைப் போல. வெள்ளை தொடங்கும் இடத்தில் நின்றன. நக்கின.

ஒன்று கிறேஸின் சிலுவைக் கையில் தொங்கியது. நாய் முகம். என்னைப் பார்த்தது. நான் அசையவில்லை. அது திரும்பி வேலையைத் தொடர்ந்தது. நாக்கு கல்லில் உரசுகிற சத்தம் கேட்டது. குட்டி தாயின் அக்குளில் முலையைக் கவ்விக்கொண்டு தொங்கியது.

வெளிச்சம் முற்றாகப் போவதற்குள் சிலுவையைக் கிட்டப் போய்ப் பார்த்தேன். கையின் அடிப்பக்கத்தில் சுண்ணாம்பு தேய்ந்து கல் தெரிந்தது. பல் பட்ட கீறல்கள், பக்கம் பக்கமாக.

அந்தக் கீறல்களை நான் முன்பு எங்கேயோ கண்டிருந்தேன்.

குசினிச் சுவரில் கண்டிருந்தேன். பழைய வீட்டில், அடுப்புக்குப் பக்கத்தில். கிறேஸ் வயிற்றில் பிள்ளையோடு இருந்தபோது அந்தச் சுவரை நகத்தால் சுரண்டித் தின்பாள். மாமி கண்டால், “வீடு விழுந்தா உன்ர புருஷன் உன்னை எங்க குடிவைப்பான்?” என்று பகிடி பண்ணுவாள். கிறேஸ் வாயைத் துடைத்துக்கொண்டு, “நான் தின்னேல்ல. இவர்தான்,” என்று வயிற்றைக் காட்டுவாள். நாங்கள் சிரிப்போம். அந்தச் சுவரும் இப்போது இல்லை.

*

பழந்தின்னி வௌவாலைப் பற்றி எனக்குப் படிப்பித்தது மிகக் குறைவு. மீதியை நானாக யோசித்தேன்.

பழத்தில் சீனியும் தண்ணீரும்தான் அதிகம். ஆனி மாதத்தில் காடெல்லாம் பாலைப்பழம். வௌவாலுக்கு வயிறு நிறையும். ஆனால் பாலைப்பழத்தால் எலும்பு கட்ட முடியாது. குட்டி பறக்கப் பழகுமுன் அதன் சிறகெலும்பு முழுவதும் தாயின் பாலிலிருந்து உண்டாக வேண்டும். எலும்புக்கான சத்துத் தாய்க்குக் கிடைக்காவிட்டால் தன் எலும்பைக் கரைத்துக் கொடுப்பாள். அதனால்தான் வௌவால்கள் இலையையும் மெல்லுகின்றன. சாற்றை உறிஞ்சிவிட்டுச் சக்கையை உருண்டையாகத் துப்பிவிடும். இலையில் சுண்ணாம்புச் சத்து உண்டு. நக்குவதற்குச் சுவர் கிடைத்தால் இலை எதற்கு?

சுண்ணாம்புதான் விடை என்று முடிவு செய்தேன். அப்படியானால் வேறோர் இடத்தில் அதை வைக்க வேண்டும். மரத்தீவிலிருந்து கப்பல்துறைக்குப் பின்னாலுள்ள காட்டோரத்துக்குப் போகிற வழி ஓடுபாதையைத் தொடாது.

முஹம்மது தம்பியிடம் சுண்ணாம்பு கேட்டேன். அவர் வண்டியை நிறுத்திவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“ஆருக்கு மாஸ்டர், இப்ப என்னத்துக்கு வெள்ளை?”

“வௌவாலுக்கு.”

“வௌவாலுக்கோ?”

“ஓம். நக்கிறதுக்கு.”

“சுண்ணாம்பு நான் தாறன். வெத்திலையும் பாக்கும் ஆர் குடுக்கிறது? வெள்ளைக்காரனோ?” மாட்டைத் தட்டிக்கொண்டு சிரித்தார். “மாஸ்டர், உங்கட ஆக்கள் மூச்சு முட்டு வருத்தத்துக்கு அதை அடிச்சுச் சமைக்கிறவங்கள். நீங்க என்னெண்டா விருந்து வைக்கிறீங்க.”

“நீங்கள் சமைக்கிறேல்லையோ?”

“அல்லாவே! எங்களுக்கு அது ஹராம். எங்களுக்கு முட்டு வந்தா முட்டோடதான் இருக்க வேணும்.”

ஆனாலும் சுண்ணாம்பைக் கொண்டுவந்தார். காட்டோரத்தில் வீரை மரங்களாகப் பார்த்து அடித்தோம். தண்ணீர் கப்பல்துறைக் கிணற்றிலிருந்து எடுத்தோம். பாதையால் போனவர்கள் நின்று பார்த்தார்கள். பெண்சாதி செத்த பிறகு மாஸ்டருக்கு ஒரு மாதிரி என்று ஒருத்தி மற்றவளிடம் சொன்னது எனக்குக் கேட்டது. அவள் மெதுவாகத்தான் சொன்னாள்.

அடுத்த மாலைகளில் அங்கே போய் நின்றேன். ஒன்றும் தங்கவில்லை. தலைக்கு மேலால் பாலை மரங்களுக்குப் பறந்துபோயின. வெள்ளை அடித்த மரங்களை ஒன்று சுற்றிப் பார்த்தது. இறங்கியது. நாக்கை வைத்தது. எழும்பிப் போய்விட்டது.

கண்டி வீதியில் புல்டோசரின் சத்தம் கிட்ட வந்துகொண்டிருந்தது. முதலில் காற்று அந்தப் பக்கம் திரும்பும்போது மட்டும் கேட்டது. பிறகு அலுவலகத்தின் மேசையில் கையை வைத்தால் அதிர்வு தெரிந்தது.

*

பாஸோடு மறுபடி மேட்டுக்குப் போனேன். சிலுவைக்கு முன்னால் முழங்காலில் நின்றேன். செபம் சொல்லுவதற்கல்ல. கீறல் விழுந்த இடத்தில் நாக்கை வைத்தேன்.

உப்பு.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஊர்க் கிணறுகளை எங்கள் மலேரியாப் பகுதிதான் மூடியிருந்தது. அதனால் ஆண்டுப் பூசையன்று நான் வாளியோடு கடலுக்குப் போனேன். கரையோரம் எண்ணெய். கையால் ஒதுக்கி ஒதுக்கித் தெளிந்த தண்ணீராக மொண்டேன். கடல் தண்ணீரில் கலக்கினால் நல்லது, ஒட்டிப் பிடிக்கும் என்று மாமி சொன்னாள். நான் கேட்டுக்கொண்டு வாளியை வைத்தேன். அந்த வருடம் நான் செய்த எதுவும் என் தலையில் நிற்கவில்லை.

எழுந்து குடாவைப் பார்த்தேன். கப்பல்கள் நிறைந்து நின்றன. தண்ணீர் மேல் நிறம் நிறமாக எண்ணெய் மினுங்கியது. குண்டு விழுந்த நாளிலிருந்து அது போகவேயில்லை. முன்பு பொழுது சாயும்போது வௌவால்கள் குடாவின் மேல் தாழப் பறந்து வயிற்றை நனைக்கும். பிறகு மரத்தில் தொங்கி அந்த நனைந்த மயிரை நக்கும். கிறேஸும் நானும் கரையில் நின்று பார்த்திருக்கிறோம். “பார், ஞானஸ்நானம்,” என்பாள். இப்போது எந்த வௌவாலும் தண்ணீரைத் தொடுவதில்லை. தொட்டால் மயிரில் தார் போல் ஒட்டும். பழத்திலும் இலையிலும் இல்லாத உப்பு அவற்றுக்குக் கடலில்தான் இருந்தது. எண்ணெயால் கடலை மூடிவிட்டோம். பால் சுரக்கிற காலத்தில் உப்பும் சுண்ணாம்பும் ஒரே இடத்தில் கிடைத்தது அந்த மேட்டில் மட்டும்.

ஊகம்தான். ஆனால் ருசித்துப் பார்த்த ஊகம்.

முஹம்மது தம்பி வண்டியில் பீப்பாவை ஏற்றிக்கொண்டு எண்ணெய் வராத வெளிக்கரைக்குப் போய்க் கடல் தண்ணீர் கொண்டுவந்தார். ஏன் என்று இந்த முறை கேட்கவில்லை. வீரை மரங்களுக்கு மேலே மேலே அடித்தோம்.

மூன்றாம் மாலை அங்கே ஏழெட்டு இறங்கின. குட்டிகளோடு. மரத்தடியில் நின்ற முஹம்மது தம்பி தலைத் துணியைக் கழற்றி மறுபடி கட்டினார்.

“மெய்தான் மாஸ்டர். தாய்மார்.” குரலைத் தாழ்த்தினார். “எங்கட வீட்டுப் பொம்பிளையும் பிள்ளை வயித்தில இருக்கக்க என்ர சூளைக்கு வந்து நிண்டவ. மணத்துக்காம். ஒரு பிடி வாயில போட்டதை நான் கண்டனான். காணாத மாதிரி நிண்டனான்.”

ஆனால் மேட்டுக்கு வருகிறவை நிற்கவில்லை. குறைந்தன, அவ்வளவுதான். பழகிய இடம். அங்கே உப்புச் சுண்ணாம்பு இருக்கிற வரைக்கும் வரும். பென்றோஸ் துரையிடம் சொன்னேன்.

“அதை எடுத்துவிட முடியாதா?” என்று கேட்டார்.

“சுரண்டினாலும் கல்லின் துளைகளில் இருக்கும். நக்கும்.”

“தார் இருக்கிறது. வேண்டிய அளவு. எப்படியும் அந்த வெள்ளை மேலிருந்து தெரிகிறது என்று எங்கள் ஆட்கள் முறைப்பட்டிருக்கிறார்கள்.” யன்னலால் வீதிப் பக்கம் பார்த்தார். புல்டோசர் வாசலுக்கு வெளியே நின்றது. அன்று காலைதான் வந்திருந்தது. “நாளை மாலை மேட்டில் ஒன்றும் தங்காவிட்டால் அதை வேறு வேலைக்கு அனுப்புவேன். தங்கினால் மறுநாள் காலை மேட்டில் ஏறும். என்னால் இவ்வளவுதான் இழுக்க முடியும்.”

*

மாமியிடம் சொல்லாமல் செய்ய எனக்கு மனமில்லை. அவள் குசினியில் மரவள்ளிக் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். சொன்னேன். கத்தியை வைத்துவிட்டாள்.

“தாரோ?”

“ஓம் மாமி.”

“தம்பி, அவளென்ன வள்ளமோ தார் பூச?”

நான் அவளுக்கு எதிரில் குந்தினேன்.

“வெள்ளையா இருக்கிறபடியாத்தான் ரோட்டில நிண்டு பாக்கிறன். கறுப்படிச்சா என்ன தெரியும்? மரத்துக்கு நடுவில மரம் மாதிரி நிக்கும்.”

“புல்டோசர் ஏறினா ஒண்டுமே நிக்காது மாமி.”

“உங்களுக்கென்ன, பாஸ் இருக்கு. கறுப்போ வெள்ளையோ, உள்ளுக்குப் போய்த் தொட்டுப் பாப்பியள். நான் வெளியில நிக்கிறவள்.”

“வௌவால் வராட்டிப் பாஸை வாங்கிப்போடுவாங்கள்.”

அவள் என்னைப் பார்த்தாள். இந்தக் கணக்கு அவளுக்கு முன்பு தெரியாது. நானும் சொல்லியிருக்கவில்லை.

“அப்ப ரெண்டு பேரும் வெளியில.”

“ஓம்.”

“வௌவாலை விட்டாப் பாஸ் இருக்கும், பிள்ளை இராது. வௌவாலைக் கலைச்சாப் பிள்ளை இருக்கும், பாஸ் இராது.”

“ஓம் மாமி.”

“படிச்ச நீங்கள் இதுக்கொரு வழி கண்டுபிடிக்கேல்லையோ?”

“இதுதான் கண்டுபிடிச்ச வழி.”

அவள் மறுபடி கிழங்கை எடுத்தாள். உரித்தாள். தோல் நீளமாக வந்து விழுந்தது.

“பூசுங்கோ,” என்றாள். “சின்னவற்ற சிலுவையை மட்டும் விடுங்கோ. அது முழங்காலளவுதானே. ரோட்டுக்கும் தெரியாது, பிளேனுக்கும் தெரியாது. அதாவது வெள்ளையா இருக்கட்டும்.”

நான் தலையாட்டினேன். தலையாட்டியது பொய் என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரிந்திருக்கும்.

*

மறுநாள் பகலில் தார் வாளியோடு போனேன். மரங்களுக்கு முதலில் பூசினேன். பிறகு கல்லறையின் பக்கங்கள். பிறகு மேல்பக்கம். கச்சான் வெயிலில் தார் இளகி ஓடியது. அவள் பேர் வெட்டியிருந்த இடத்தில் தூரிகையை விரலளவுக்கு ஒடுக்கிப் பிடித்து எழுத்துகளுக்குள் பூசினேன். எழுத்துகளுக்குள்ளும் சுண்ணாம்பு இருந்தது. சிலுவையை மேலிருந்து கீழாகப் பூசினேன்.

பென்றோஸ் துரை ஜீப்பில் வந்து இறங்கினார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

“இதை மட்டும் மிகக் கவனமாகச் செய்கிறீர்கள். யாருடையது?”

“என் மனைவியுடையது.”

அவர் தொப்பியைக் கழற்றினார். ஜீப்புக்குத் திரும்பிப் போனார். போகுமுன் தன் தண்ணீர்ப் போத்தலைச் சேமக்காலை மதிலின் மேல் வைத்துவிட்டுப் போனார்.

பொழுது சாயத் தொடங்கியது. சின்னச் சிலுவை மட்டும் வெள்ளையாக இருந்தது. அதற்கு முன்னால் வாளியோடு குந்தியிருந்தேன். முதலாவது வௌவால் வந்தது. பூவரசில் இறங்கி அடிமரத்துக்கு வந்தது. தாரை மணந்தது. பின்வாங்கியது. இன்னொன்று அப்படியே. அவை திரும்பிக் குடாப் பக்கம் போயின. பின்னால் வந்தவையும் வட்டமடித்துவிட்டுப் போயின.

ஒன்று மட்டும் போகவில்லை. சிறகு கிழிந்த ஒன்று. தாழப் பறந்து வந்து, தரையில் விழுந்து, புல்லில் முழங்கையால் இழுத்து இழுத்து வந்தது. இந்த வௌவால்கள் தரையில் இறங்குவதில்லை; இறங்கினால் எழும்புவது கடினம். அது இறங்கியது. குட்டி கீழே நசுங்காமல் ஒரு பக்கமாகச் சாய்ந்து வந்தது. என் காலுக்கு ஒரு முழத் தூரத்தில், சின்னச் சிலுவையைப் பிடித்துக்கொண்டு நக்கத் தொடங்கியது.

இன்று மாலை மேட்டில் ஒன்றும் தங்கக் கூடாது. ஓடுபாதையின் முனையில் பென்றோஸ் துரை தூரக்கண்ணாடியோடு நின்றார். அந்தச் சிலுவை முழங்காலளவு. அதை மறைத்துக்கொண்டு நான் குந்தியிருந்தேன். அவருக்கு என் முதுகுதான் தெரிந்திருக்கும்.

நான் அசையவில்லை. தார் வாளியில் இறுகிக்கொண்டிருந்தது. வௌவால் முன்பக்கத்தை நக்கி முடித்தது. பக்கத்துக்குப் போனது. குட்டி ஒருமுறை முலையை விட்டுவிட்டுத் தானும் கல்லை நக்கிப் பார்த்தது. மறுபடி முலையைத் தேடியது. முடிந்ததும் தாய் சிலுவையின் உச்சிக்கு ஏறியது. அங்கிருந்து மதிலுக்கு, மதிலிலிருந்து கிளைக்கு. எப்படியோ காற்றில் தன்னைப் போட்டது. பறந்தது.

அதன் பிறகு சின்னதற்கும் பூசினேன்.

*

மறுநாள் காலை புல்டோசர் போய்விட்டது. மத்தியானம் பாஸை வாங்கிக்கொண்டார்கள். பென்றோஸ் துரை வரவில்லை; ஒரு சார்ஜன்ட் வந்து கையை நீட்டினான். கொடுத்தேன்.

மாலையில் வளைவில் மாமி நின்றாள். நானும் போய்ப் பக்கத்தில் நின்றேன். கம்பி, அதற்கு அப்பால் ஓடுபாதை, அதற்கு அப்பால் கம்பி, அதற்கு அப்பால் மேடு. மேட்டில் மரங்கள்.

“சிலுவை எங்க நிக்குது தம்பி?”

“நடுமரத்துக்கு இடது பக்கம்.”

“தெரியேல்ல.”

“ஓம். தெரியேல்ல.”

“நிக்குதோ?”

“நிக்குது மாமி.”

“சின்னவற்ற?”

“அதுவும் நிக்குது.”

என்ன நிறத்தில் என்று அவள் கேட்கவில்லை. என் நகங்களுக்குள் இன்னும் தார் இருந்தது. அவள் அதைப் பார்த்தாள். பிறகு வீதியைப் பார்த்தாள்.

வீரை மரங்களில் அடித்தது நெடுநாள் நிற்காது. வௌவால்கள் ஒவ்வொரு மாலையும் நக்கித் தீர்க்கின்றன. அங்கே தீர்ந்துவிட்டால் பழைய இடத்தைத் தேடிப் போகும். வழியில் விமானம் இருக்கும். புல்டோசர் தூரப் போய்விடவில்லை. குட்டிகள் தாய்ப்பாலை விடும்வரை சுண்ணாம்பு ஈரமாக, உப்பாக இருக்க வேண்டும். அடுத்த வருடமும் குட்டி போடும். அதற்கடுத்த வருடமும். மட்டக்களப்பில் ஒரு பள்ளிக்கூடத்தில் எனக்கு இடம் இருப்பதாக அண்ணன் ஆள் அனுப்பியிருந்தார். வேலையிலிருந்து விடுவிக்கச் சொல்லித் தானே மேலிடத்தில் கதைப்பதாகவும் சொல்லியனுப்பினார். வர ஏலாது என்று சொல்லிவிட்டேன். காரணம் சொன்னால் அவர் என்னைக் கூட்டிப்போகவே வந்துவிடுவார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து முஹம்மது தம்பியின் வண்டி வந்து நின்றது. பீப்பாவில் கடல் தண்ணீர் தளும்பியது. நான் வாளியை எடுத்துக்கொண்டு புறப்பட்டபோது மாமியும் எழும்பினாள். பூசைக்குக் கட்டின சீலையோடு வந்தாள்.

“அம்மா, நீங்களுமோ?” என்றார் முஹம்மது தம்பி. “வௌவால் நன்றி சொல்லாது, சொல்லிப்போட்டன்.”

“நீ சும்மா வண்டியை ஓட்டு ராசா.”

காட்டோரத்தில் அவள் தூரிகையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். சுண்ணாம்பைக் கலக்கினாள். நுனிவிரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் கடல் தண்ணீர் விடச் சொன்னாள். விட்டேன்.

கல்லறைக்கு அடிப்பது போலத்தான் அடித்தாள். ஒன்று காயுமட்டும் நின்று, அதன் மேல் இன்னொன்று.